ஓடத் தெரிந்தவருக்கும் உயரம் புதிதுதான்

நான்கு மாதம் கழித்து 5,300 மீட்டர் வரை போகும் 12 நாள் மலைநடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறீர்கள், 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவீர்கள். ஆனால் இதுவரை 2,000 மீட்டருக்கு மேல் ஏறியதில்லை. இந்த உடல்தகுதி போதுமா, வேறு என்ன பயிற்சி வேண்டும், என்னென்ன வாங்க வேண்டும், உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் டையமாக்ஸ் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா என்பவைதான் உங்கள் கேள்விகள்.

எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு காகிதத்தை எடுத்து, உங்கள் பயணத் திட்டத்தில் ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் தூங்கப்போகிறீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். பகலில் தொடும் உயரம் வேண்டாம், தூங்கும் உயரம் மட்டும் போதும். இந்த நான்கு மாதத்தில் நீங்கள் செய்யப்போகும் வேலைகளில் முதலிடம் இதற்குத்தான். ஓட்டமும் ஷூவும் இதற்குப் பிறகுதான்.

ஏன் என்று சொல்கிறேன். மேலே போனால் ஆக்சிஜன் குறைகிறது என்று பொதுவாகச் சொல்வோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எவரெஸ்ட் உச்சியிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 3,500 மீட்டரில் கடல் மட்டத்து அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். 5,500 மீட்டரில் பாதி. நீங்கள் போகிற இடத்தில் ஒரு மூச்சு இழுத்தால், கடற்கரையில் நின்று இழுக்கும் மூச்சில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி ஆக்சிஜன்தான் உள்ளே போகும்.

கழுத்தில் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசிமணி அளவில் ஓர் உணர்வுறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் அதுதான் முதலில் கண்டுபிடித்து, வேகமாக மூச்சு விடச் சொல்லும். அப்படி மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறி, ரத்தம் காரத்தன்மை அடைகிறது. உடனே மூளை 'போதும், மெதுவாக மூச்சு விடு' என்று பிரேக் போடுகிறது. ஒரு பக்கம் வேகப்படுத்தும் கட்டளை, இன்னொரு பக்கம் நிறுத்தும் கட்டளை. இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். அது பைகார்பனேட் என்ற காரப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரும். அதற்கு நாட்கள் பிடிக்கும். நீங்கள் எத்தனை மாரத்தான் ஓடியவராக இருந்தாலும் உங்கள் சிறுநீரகம் அந்த வேலையைச் சீக்கிரம் முடித்துத் தராது.

உடல்தகுதி உள்ளவர்களுக்கு உயர நோய் வராது என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. ஓட்டக்காரர்களுக்கும் வரும், தினமும் புகை பிடிக்கிறவர் பக்கத்தில் தெம்பாக உட்கார்ந்திருப்பார். அது உடலமைப்பைப் பொறுத்தது, முன்கூட்டிச் சொல்ல நல்ல சோதனை எதுவும் இல்லை. முன்பு இதே போன்ற உயரத்தில் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் ஓரளவு நம்பத்தக்க தடயம். உங்களுக்கு அந்த அனுபவம் இல்லாததால், உங்களுக்கு வரக்கூடும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும்.

சரி, அந்தக் காகிதத்துக்கு வருவோம். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி தங்க வேண்டும். மலை மருத்துவத்தில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு இது. நேபாளத்தில் எவரெஸ்டின் அடிவார முகாமான பேஸ் கேம்புக்குப் போகும் பாதையின் வழக்கமான திட்டத்தை வைத்து இதைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். விமானம் லுக்லாவில் சுமார் 2,850 மீட்டரில் இறக்கிவிடும். முதல் ராத்திரிக்கு அங்கிருந்து கீழே இறங்கி பாக்டிங், 2,610. அடுத்தது நாம்சே பஜார், 3,440. ஒரே நாளில் 830 மீட்டர் ஏறுகிறது, அதனால்தான் அங்கே இரண்டு ராத்திரி. பிறகு தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410. இங்கேயும் இரண்டு ராத்திரி. லோபூச்சே 4,910, கோரக்ஷெப் 5,160 சொச்சம், பகலில் 5,364 மீட்டரில் இருக்கும் பேஸ் கேம்புக்குப் போய்விட்டுத் திரும்புவது. எங்கே தாவல் பெரிதாக இருக்கிறதோ அதற்கு அடுத்து ஒரு தங்கல் இருக்கிறது, கவனியுங்கள். அந்தத் தங்கல் நாட்களில் சும்மா படுத்துக்கிடப்பதில்லை. 300, 400 மீட்டர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து தூங்குவார்கள். உயரே ஏறு, தாழத் தூங்கு என்பது மலைக்காரர்களின் பழைய பாடம்.

இதற்கு நேர்மாறாகக் கிளிமஞ்சாரோவைப் பாருங்கள். 5,895 மீட்டர். கயிறும் பனிக்கோடரியும் தேவையில்லாத நடைபாதைதான், ஆனால் ஐந்தே நாளில் ஏறி இறங்கும் திட்டங்கள் அங்கே இன்னமும் விற்கப்படுகின்றன. ஏழு எட்டு நாள் எடுத்துக்கொள்பவர்கள் உச்சியைத் தொடும் வாய்ப்பு கூடுதல் என்பது அங்கே எல்லா வழிகாட்டிகளும் அறிந்தது. மலை அதேதான், கால்களும் அதேதான், கூடுதலாகக் கிடைப்பது ராத்திரிகள் மட்டும்.

உங்கள் பட்டியலில் 3,000-க்கு மேலே எங்காவது 700, 800 மீட்டர் தாவல் இருந்து, அதற்குப் பிறகு தங்கல் இல்லையென்றால், இப்போதே ஏற்பாட்டாளரிடம் பேசுங்கள். ஒரு நாள் சேர்க்க முடியாது என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். நான்கு மாதம் இருக்கிறது, இப்போது மாற்றுவது எளிது.

இனி நோயைப் பற்றி. 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். தலைவலி, அதோடு பசியின்மை, குமட்டல், அசதி, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது ஒன்று. முந்தைய நாள் அதிகம் குடித்தவரின் காலை போல இருக்கும் என்று சொல்வார்கள். இது சாதாரண வகை. அதே உயரத்தில் நின்றால் ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும். தலைவலிக்குப் பாராசிட்டமால் போடலாம், தவறில்லை. வலி போய், பசி திரும்பி, மனம் தெளிவாக இருந்தால் அடுத்த நாள் தொடரலாம். வலியை அமுக்கி வைத்துக்கொண்டு மேலே ஏறுவதுதான் ஆபத்து.

கடுமையான வகைகள் இரண்டு. ஒன்று மூளை வீங்குவது, இன்னொன்று நுரையீரலில் நீர் கோப்பது. முதலாவது எப்படி இருக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

4,900 மீட்டரில் ஒரு முகாம். எங்கள் குழுவில் மாரத்தான் ஓடும் நண்பன் ஒருவன், எந்த நாளும் முதல் ஆளாக முகாமுக்குள் நுழைபவன். இரண்டு நாளாக ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனதைப் பார்த்தேன். கேட்டதற்கு "களைப்பு, வேறொன்றும் இல்லை" என்றான், நானும் விட்டுவிட்டேன். அன்று இரவு பத்து மணி இருக்கும். சிறுநீர் கழிக்கக் கூடாரத்துக்கு வெளியே வந்தவன், வாசலில் குந்தியபடி இடது ஷூவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். தலைவிளக்கின் வெளிச்சம் அவன் விரல் மேலேயே விழுந்தது. கயிற்றை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றுவான், நிறுத்துவான், அவிழ்ப்பான், மறுபடியும் சுற்றுவான். முடிச்சுப் போட வேண்டும் என்பது தெரிகிறது, எப்படி என்பது கைக்கு மறந்துவிட்டது. ஐந்து தடவையாவது பார்த்திருப்பேன்.

"டேய், கயிறை விடு. எழுந்து இந்தக் கோட்டில் நடந்து காட்டு" என்று சொல்லி, மண்ணில் கட்டையால் ஒரு கோடு இழுத்தேன். குதிகாலை மறு காலின் விரலில் ஒட்டி வைத்து, கம்பி மேல் நடப்பது போல நடக்க வேண்டும். மூன்றாவது அடியில் வலப்பக்கம் சாய்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். "தரை சரியில்லை" என்றான். தரை நன்றாகத்தான் இருந்தது.

வழிகாட்டி மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தைக் கொடுத்தார், ஆனால் விடியட்டும் என்று ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. இருட்டிலேயே இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு 600 மீட்டர் கீழே இறக்கினோம். நான்கு மணி நேரம் ஆனது. வெளுக்கும் நேரத்தில் சூடாக ஏதாவது குடிக்கக் கேட்டான். அப்புறம் குனிந்து, அவிழ்ந்து கிடந்த கயிற்றைத் தானே கட்டிக்கொண்டான். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. மூன்று நாளாகத் தலைவலி இருந்ததையும், யாருக்கும் சொல்லாமல் வலி மாத்திரை போட்டுக்கொண்டே ஏறியதையும் பிறகு சொன்னான். குழுவுக்குத் தன்னால் தாமதம் ஆகக்கூடாது என்று நினைத்தானாம். முதல் ராத்திரி சாப்பாட்டை ஒதுக்கியபோதே நான் விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கோட்டு நடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளாட்டம், குழப்பம், சம்பந்தமில்லாத பேச்சு, வழக்கத்துக்கு மாறான எரிச்சல் அல்லது ஒதுங்கிப் படுத்துவிடுவது என்றால் மூளை வீக்கம் என்று எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது வேறு மாதிரி தொடங்கும். நேற்று வரை கூட நடந்தவர் இன்று பின்தங்குவார். வறட்டு இருமல் வரும். முக்கிய அடையாளம், உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போதும் மூச்சு வாங்குவது. முற்றினால் இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும். இதற்குத் தலைவலி இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. முன்பெல்லாம் நிமோனியா என்று நினைத்து அதற்கான மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1938, 1953 ஆகிய ஆண்டுகளில் கே2 மலைக்குக் குழுக்களை வழிநடத்திய அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன், 1960-ல் எழுதிய ஒரு கட்டுரைதான் இது உயரத்தால் வரும் தனி நோய் என்பதை மருத்துவ உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

இரண்டுக்குமே வைத்தியம் கீழே இறங்குவது. மூளைக்கு டெக்ஸாமெத்தசோன், நுரையீரலுக்கு நிஃபெடிபின் மருந்து, ஆக்சிஜன் உருளை, ஆளை உள்ளே வைத்து அழுத்தம் ஏற்றும் காமோ பை என்று எல்லாம் உண்டு. அவை இறங்கும் வரை உயிரைப் பிடித்து வைக்கத்தான். 300 மீட்டர் இறங்கினாலே சிலருக்கு முகம் தெளியும்; 1,000 மீட்டர் வரை இறக்கத் தயாராக இருக்க வேண்டும். குழுவின் மருந்துப்பெட்டியில் இவை இருக்கின்றனவா, வழிகாட்டிக்குப் பயன்படுத்தத் தெரியுமா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், நல்ல வழிகாட்டிக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பலர் வாங்கி வருகிறார்கள். கடல் மட்டத்தில் 97, 98 காட்டும் கருவி, 5,000 மீட்டரில் நன்றாக இருப்பவருக்கே 80 அல்லது அதற்குச் சற்றுக் கீழும் காட்டும். விரல் குளிர்ந்திருந்தால் வாய்க்கு வந்ததைக் காட்டும். அந்த எண்ணை வைத்து ஒருவருக்கு ஒருவர் போட்டிபோடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எண் நன்றாக இருக்கிறது என்று அறிகுறியை அலட்சியம் செய்யாதீர்கள். ஆளைப் பாருங்கள், அவர் சாப்பிட்டாரா என்று பாருங்கள்.

டையமாக்ஸ் என்பது அசிட்டசோலமைடு. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும் வேலையை இது விரைவுபடுத்துகிறது. அதாவது உடம்பு தானாகச் செய்வதையே முன்கூட்டித் தொடங்கிவைக்கிறது. அறிகுறியை மறைக்கிறது என்ற பயம் தேவையில்லை. தடுப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனியும் உதடும் மதமதவென்று இருக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா பானங்கள் சப்பென்று இருக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள், பக்கவிளைவா நோயா என்று மலையில் குழம்ப வேண்டியிருக்காது. எல்லோருக்கும் இது வேண்டுமா? திட்டம் மெதுவாக இருந்தால் பலருக்கு வேண்டாம். நேராக 3,500 மீட்டரில் விமானத்தில் போய் இறங்குகிற திட்டமென்றால் நானே மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்வேன். மோசமான திட்டத்தைச் சரிக்கட்டும் மருந்தாக மட்டும் இதை நினைக்காதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் கட்டாயம் வேண்டாம், இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கக்கூடும். தூக்கம் பற்றி இன்னொன்று: மேலே ராத்திரியில் மூச்சு பத்துப் பதினைந்து விநாடி நின்று, பிறகு திடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுப்பும். நான் மேலே சொன்ன இழுபறி தூக்கத்தில் வெளிப்படுவதுதான் அது. முதல் தடவை பயமாக இருக்கும், ஆனால் அந்த உயரத்தில் அது இயல்பு.

இப்போது பயிற்சி. உங்கள் ஓட்டம் நல்ல அடித்தளம், விட்டுவிடாதீர்கள். ஆனால் மலைநடை கேட்பது வேறு: ஆறேழு மணி நேரம், முதுகில் ஆறு ஏழு கிலோ, மேடும் பள்ளமுமாக, அதுவும் தொடர்ந்து பல நாள். அதனால் நான்கு ஓட்டங்களில் இரண்டைக் குறைத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு நீண்ட நடையும் ஒரு படிக்கட்டுப் பயிற்சியும் சேருங்கள். மீதமுள்ள ஓட்டங்களை, ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேசக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். உங்கள் வழக்கமான வேகம் அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். மெதுவாக ஓடச் சொன்னால் ஓட்டக்காரர்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் மேலே உங்களுக்குத் தேவைப்படுவது அந்த நிதானம்தான். 5,000 மீட்டரில் உடம்பின் உச்சத் திறனே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வேகம் பயன்படாது, நெடுநேரம் தாங்குவதுதான் பயன்படும்.

பக்கத்தில் மலை இல்லையென்றால் படிக்கட்டு போதும். பத்து மாடிக் கட்டடம் சுமார் 30 மீட்டர். இருபது தடவை ஏறினால் 600 மீட்டர், மலையில் ஒரு நல்ல நாளின் ஏற்றம். முதல் வாரம் ஐந்து தடவை, பை இல்லாமல். மூன்றாவது மாதத்தில் எட்டு கிலோ பையோடு இருபது. தண்ணீர்ப் பாட்டில்களை எடையாக வையுங்கள், முட்டி நொந்தால் பாதியில் கொட்டிவிட்டு இறங்கலாம். ஏறும்போது ஒவ்வோர் அடியிலும் பின்காலின் முட்டியை நேராக நீட்டி, ஒரு கணம் எடையை எலும்பு மேல் நிறுத்திவிட்டு அடுத்த காலை எடுத்துவையுங்கள். தசைக்கு அந்தக் கணம் ஓய்வு. இதை இப்போதே பழகினால் மேலே தானாக வரும்.

இறங்கும்போது லிஃப்டைத் தேடாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இறக்கத்துக்குப் பயிற்சி எடுத்துவருபவர்கள் மிகக் குறைவு. ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டு வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உங்கள் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாவது இந்த வேலையில்தான். வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். நல்ல செய்தி, ஒரு தடவை அப்படி வலித்த தசை அடுத்த பல வாரங்களுக்கு அதே வேலையை வலியில்லாமல் செய்யப் பழகிக்கொள்கிறது. அந்த வலியை ஊரிலேயே பட்டுவிட்டு வாருங்கள். 20 சென்டிமீட்டர் உயரப் பலகையில் ஒற்றைக் காலில் நின்று, மறு குதிகால் தரையைத் தொடும் வரை மூன்று விநாடி எண்ணி மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பன்னிரண்டு, மூன்று சுற்று, வாரம் இருமுறை. இதோடு உட்கார்ந்து எழுதல், குதிகால் உயர்த்தல், முதுகுக்கும் வயிற்றுக்கும் ஏதாவது. போதும்.

கடைசி ஆறு வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது, சனி ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து ஐந்தாறு மணி நேரம் நடந்து பாருங்கள். முதல் நாள் யாருக்கும் முடியும். இரண்டாம் நாள் காலையில் கால் எப்படி இருக்கிறது என்பதுதான் உண்மையான மதிப்பெண். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு கடினமான பயிற்சியை நிறுத்திவிடுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் 'உயரப் பயிற்சி' முகமூடிகளை வாங்க வேண்டாம். அவை மூச்சுக்குத் தடை போடுகின்றனவே தவிர, காற்றழுத்தத்தைக் குறைப்பதில்லை.

பொருட்களில் முதலில் ஷூ, அதுவும் இன்றைக்கே. மாலையில் கடைக்குப் போங்கள், நாள் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் அதே தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, கயிறு கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கடையில் சாய்வுப் பலகை இருந்தால் அதில் கீழ்நோக்கி நில்லுங்கள். கால் விரல் முன்னால் இடித்தால் அந்த ஷூ வேண்டாம். இறக்கத்தில் நகம் கறுத்துப் போகும். பயிற்சி நடைகள் எல்லாவற்றையும் இதே ஷூவில் நடக்க வேண்டும். விமானத்தில் போகும்போது பெட்டியில் வைக்காமல் காலில் போட்டுக்கொண்டு போங்கள். மற்ற எதையும் வழியில் வாங்கிக்கொள்ளலாம், பழகிய ஷூவை வாங்க முடியாது.

கொப்புளம் வருவதற்கு முன்னால் அந்த இடம் சூடாக உணரும். அப்போதே நின்று, ஷூவைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, ஓரங்களை வட்டமாக வெட்டிய பிளாஸ்டர் டேப்பை மடிப்பு விழாமல் ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மீதி நாட்கள் முழுக்க நொண்ட வேண்டிவரும்.

உடை விஷயத்தில் கணக்கு இது: 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். 5,300 மீட்டரில் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 34 டிகிரி குளிர் கூடுதல், அதற்கு மேல் காற்று. ஒரே கனமான கோட்டுக்குப் பதிலாக அடுக்குகள் வேண்டும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே மெத்தென்ற செயற்கைத் துணியான ஃபிளீஸ், நிற்கும்போது போடப் பறவைத் தூவி ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் உறை. பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் குளிரேற்றும். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகத் தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் வியர்த்து, முதல் ஓய்வில் நடுங்குவீர்கள். கைக்கு மெல்லிய கையுறை ஒன்று, அதற்கு மேல் விரல் பிரியாத கனமான கையுறை. தூங்கும் பையில் இரண்டு மூன்று வெப்ப எண்கள் இருக்கும். 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்குங்கள். 'லிமிட்' என்பது சுருண்டு படுத்து ராத்திரியைத் தள்ளிவிடலாம் என்பதற்கான எண்.

வெயில் கண்ணாடியில் கஞ்சத்தனம் வேண்டாம். 1,000 மீட்டருக்குப் புறஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், அதனால் முகவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும்கூட வெயில் தடுப்புக் களிம்பு தடவ வேண்டும். பனியில் நடக்கும் நாட்களுக்குப் பக்கவாட்டு மறைப்புள்ள, மிகவும் கருத்த நான்காம் வகைக் கண்ணாடி. பனிக்குருடு உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, ராத்திரியில், கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல எழுப்பும்.

தண்ணீரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது, நிறையக் குடித்தால் உயர நோய் வராது என்று. வறட்சியைத் தடுக்கும், அவ்வளவுதான். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடித்தால் போதும். ஐந்தாறு லிட்டரை வலிந்து குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே வேறு ஆபத்தாகும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை அதிகாலைக் குளிரில் குழாயிலேயே உறைந்துவிடும். பாட்டில் நல்லது, அதையும் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலிருந்து உருவாகும், அதனால் மூடிப் பக்கம் திறந்தே இருக்கும். வடிகட்டி கொண்டுபோனால் ராத்திரியில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை உறைந்தால் உள்ளே இருக்கும் நுண்குழல்கள் வெடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. குளோரின் மாத்திரை குளிர்ந்த நீரில் வேலை செய்யக் கூடுதல் நேரம் எடுக்கும். போன், பேட்டரி எல்லாம் அதே தூங்கும் பைக்குள்தான்.

மேலே பசி குறையும். அதனால் ஊரில் உங்களுக்கு மிகவும் பிடித்த, கையில் வைத்துக் கொறிக்கக்கூடிய ஏதாவது கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். சத்து எவ்வளவு என்பதைவிட, வாய்க்குள் போகுமா என்பதுதான் அங்கே கேள்வி.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு மருத்துவரைப் பாருங்கள். இதயம், நுரையீரல், ரத்த அழுத்தம், கர்ப்பம், ரத்தசோகை எதுவாக இருந்தாலும் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்து குறைவு இருந்தால் சரிசெய்ய வாரங்கள் ஆகும், அதனால் அந்தப் பரிசோதனையை மட்டும் இப்போதே செய்துவிடுங்கள். பல் மருத்துவரையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள், நடுவழியில் பல்வலி வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. காப்பீட்டில் உயர வரம்பு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மலைநடை என்று போட்டிருந்தாலும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பொறுப்பேற்காத பாலிசிகள் நிறைய உண்டு. ஹெலிகாப்டர் மீட்பு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்களோடு வருபவர்களோடு முதல் நாளே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரும் தலைவலி இருக்கிறதா, சாப்பிட முடிந்ததா, தூங்கினேனா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நன்றாக இருப்பவரும் சொல்ல வேண்டும், அப்போதுதான் முடியாதவர் சொல்வது தனியாகத் தெரியாது. ஒருவர் இறங்க வேண்டிவந்தால் யார் கூடப் போவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். தனியாக மட்டும் யாரையும் இறக்கிவிடக் கூடாது.

திரும்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு நாள் உபரியாக வையுங்கள். விடுப்பு கிடைக்காது என்றால் திட்டத்தில் வேறு எதையாவது வெட்டுங்கள், இந்த இரண்டு நாளை வெட்டாதீர்கள். தலைவலியோடு எழுந்திருக்கும் காலையில், இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கிறது என்றால் "இன்று இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்ல வாய் வரும்.